பெயர் கேட்காமல் எடுத்த படம்

எங்களுடைய கூட்டத்துக்குப் பெயர் ஒன்றும் இல்லை. ஆறேழு பேர். ஒருவர் பார்மசியில் வேலை செய்கிறார், ஒருத்தி கம்பஸில் மூன்றாம் வருசம், ஒருவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார், நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். படம் எடுத்து ஒரு சதம் உழைக்கிற ஆள் எங்களுக்குள் இல்லை. கலியாண வீட்டுக்கு எடுத்துத் தரச்சொல்லிக் கேட்டால் "ஐயோ, எனக்கு அது சரிவராது" என்று ஓடுகிற ஆக்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொக்குவிலில் ஒரு நண்பனின் வீட்டு விறாந்தையில் கூடுவோம். தேத்தண்ணியும் வாய்ப்பனும் அவனுடைய அம்மாவின் உபயம்.

சட்டம் இரண்டுதான். ஒன்று, ஆளுக்கு ஒரு படம். இரண்டு, அதைப் போனில் காட்டக்கூடாது, பிரின்ட் எடுத்துக்கொண்டு வரவேண்டும். போனில் என்றால் ஒரு விரல் தட்டில் படம் போய்விடும். கடதாசியில் என்றால் கையில் வாங்கவேண்டும், பக்கத்தில் இருக்கிற ஆளுக்குக் கொடுக்கவேண்டும், அதற்கிடையில் எடுத்தவர் அந்தப் படத்தின் கதையைச் சொல்லவேண்டும். தனக்கு ஏன் அந்தப் படம் பிடிக்கும், அன்றைக்கு என்ன நடந்தது, படத்தில் தெரியாதது என்ன. அவ்வளவுதான்.

போன வருசம் மாசி மாதம் நடந்த கூட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதில் நான் கொண்டுபோன படத்தைப் பற்றியும். இதை எழுதுவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பார்மசி அண்ணா. அவருடையது பண்ணைப் பாலத்தடியில் எடுத்த படம். பொழுது படுகிற நேரம், சிறகுவலைத் தடிகள் வரிசையாக நிற்கின்றன, கடல் பால் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடக்கிறது. லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு, ஸ்ரான்டில் கமராவை வைத்து, 30 செக்கன் திறந்து விட்டு எடுத்தது. அலை எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து மட்டமாகிவிடும். வானம் சரியாக வரவேண்டும் என்று ஆறு நாள் போய்ப் போய்த் திரும்பி வந்தாராம்.

"வடிவாத்தான் இருக்கு, ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை" என்றார். "இந்தப் படத்தில ஒரு மனிசன் நிக்கிறார். முழங்கால் தண்ணிக்குள்ள, வலையைப் பாத்துப் பாத்து இடப்பக்கத்தால இருந்து வலப்பக்கம் நடந்து போனவர். 30 செக்கனும் நடந்தவர். அதால படத்தில ஆள் இல்லை."

நாங்கள் எல்லோரும் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தோம். உண்மையாகவே ஆள் இல்லை. தண்ணீர்தான். இது புதினமான விசயம் இல்லை. புகைப்படம் தொடங்கின காலத்திலேயே நடந்தது. 1838 இல் டாகுவேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ஒரு பெருந்தெருவை யன்னலால் எடுத்தார். ஒரு படத்துக்குப் பல நிமிடம் வெளிச்சம் படவேண்டியிருந்த காலம். தெருவில் போன சனம், குதிரை வண்டி ஒன்றுமே பதியவில்லை. சப்பாத்துத் துடைப்பிக்க ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் சின்னதாகத் தெரிகிறார். அசையாமல் நின்றவர் மிஞ்சினார், வேலையாய்ப் போனவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள்.

அடுத்தது கம்பஸ் பிள்ளை. பளைக்காரி. அவளுடைய படத்தில் வட்டு இல்லாத பனை ஒன்று. ஏ9 வீதியால் போனவர்களுக்குத் தெரியும், பளை, முகமாலைப் பக்கம் ஷெல் அடியில் தலை போன பனைகள் தூண் தூணாக நின்றன. தென்னை, பனைக்கு உயிர் குருத்தில்தான். குருத்துப் போனால் வேறு கிளை வெடித்துத் தழைக்காது. அந்தப் பனைகளை யார்தான் எடுக்கவில்லை? யுத்தம் என்று ஒரு கட்டுரைக்குப் படம் வேண்டும் என்றால் மொட்டைப் பனை ஒன்றைத் தூக்கிப் போடுவார்கள். அவளுடைய படத்தில் மரத்தின் மேற்பாதியில் ஒரு பொந்து, பொந்துக்குள் இருந்து ஒரு கிளி தலையை நீட்டிப் பார்க்கிறது.

"வெளியில இருந்து வாற ஆக்களுக்கு இது செத்த மரம்" என்றாள். "எங்கட வளவில இது கிளி இருக்கிற மரம். அப்பப்பா விறகுக்குத் தறிக்க விடமாட்டார். அவ்வளவுதான் கதை."

மூன்றாவது, படிப்பிக்கிற நண்பர். அவர் ஹட்டன் பக்கம். வேலை கிடைத்து இங்கே வந்து நாலு வருசம். அவர் கொண்டுவந்தது ஒரு சாதாரணப் படம். லயத்து வாசலில், பச்சைச் சேலை கட்டி, ஒரு அம்மா கதிரையில் இருக்கிறா. நேராகக் கமராவைப் பார்க்கிறா. கால் பக்கத்தில் ஒரு நாய். எங்களில் ஒருவரும் இந்தப் படத்தை வாயைப் பிளந்து பார்த்திருக்கமாட்டோம்.

"இது எங்கம்மா" என்றார். "எங்கம்மாவ எத்தனையோ பேரு படம் எடுத்திருக்காங்க. மலையில கொழுந்து பறிக்கும்போது ரோட்டுல வேன் நிக்கும். வெள்ளைக்காரங்க எறங்கி வருவாங்க, கொழும்பு ஆளுங்களும் வருவாங்க. சிரிக்கச் சொல்லுவாங்க. சில பேரு காசு குடுப்பாங்க. இருபத்தஞ்சு முப்பது வருசமா இப்பிடித்தான். எந்த நாட்டுல எந்த வீட்டுச் செவத்துல எங்கம்மா தொங்குறாங்களோ தெரியல. ஆனா எங்க வீட்டுல அம்மா படம்னு இருந்தது ஐடென்டிக்குப் புடிச்ச ஒண்ணே ஒண்ணுதான். நான் கமரா வாங்கினதும் மொதல்ல எடுத்தது இது. கூடை இல்லாம எடுன்னு அம்மாவே சொன்னாங்க."

கொஞ்சநேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு என்னுடைய முறை.

என்னுடைய படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கக் கூடும். அதுதான் பிரச்சினை.

2018 ஆடி மாதம் எடுத்தது. குறிகட்டுவான் இறங்குதுறை. ஒரு வயதான அம்மா சீமெந்துக் கட்டில் தனியாக இருந்து கடலைப் பார்க்கிறா. காற்றில் சேலைத் தலைப்பு எழும்பி நிற்கிறது, நரைத்த மயிர் முகத்தில் விழுந்திருக்கிறது, கண்ணைச் சுருக்கி எங்கேயோ தூரத்தைப் பார்க்கிறா. பின்னால் கடலும் வானமும் தவிர வேறொன்றும் இல்லை. நான் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, "காத்திருப்பு" என்று ஒரு சொல் மட்டும் எழுதி முகநூலில் போட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல்லை எழுதும்போது நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இறங்குதுறை, வள்ளத்துக்குக் காத்திருக்கிறா, அவ்வளவுதான். ஆனால் எங்களுடைய ஊரில் ஒரு வயதான அம்மா, காத்திருப்பு, தூரப் பார்வை என்று மூன்றும் சேர்ந்தால் சனம் என்ன வாசிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாளே ஒருவர் கீழே எழுதினார்: எந்தத் தாயோ, எந்தப் பிள்ளைக்கோ. அதற்கு அழுகிற முகம் போட்டவர்கள் நிறையப் பேர். ஆவணி 30, காணாமல் ஆக்கப்பட்டோர் தினம் வந்தது. யாரோ என்னுடைய படத்தை எடுத்து, மகனைத் தேடும் தாய் என்று எழுதிப் பகிர்ந்தார்கள். அதிலிருந்து இன்னொருவர், அதிலிருந்து வெளிநாட்டில் ஒருவர். ஒரு பதாகையில்கூட வந்தது.

நான் திருத்தவில்லை. அதுமட்டும் இல்லை. கொஞ்ச நாளில் யாராவது கேட்டால் நானே அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். "மகன் 2009 இல காணாமல் போனவராம். அவ ஒவ்வொரு நாளும் வந்து இருக்கிறவவாம்." அந்த "ஆம்" ஐக் கவனியுங்கள். யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. படத்துக்குக் கிடைத்த மரியாதை சொல்ல வைத்தது. நாலைந்து தரம் சொன்ன பிறகு எனக்கே அது உண்மைபோல இருந்தது.

அன்றைக்கும் விறாந்தையில் அதையே சொன்னேன். படம் கை மாறி மாறிப் போய் ஹட்டன் நண்பரிடம் வந்தது. அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, குத்தலாக இல்லை, சும்மா கேட்டார்: "இந்த அம்மா பேரு என்னா?"

தெரியாது.

"எந்த ஊரு?"

தெரியாது.

"அப்ப மகன் காணாமப் போனது?"

வாய்ப்பன் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. நான் அந்தப் படத்தை எடுத்தது 250 மில்லிமீற்றர் லென்ஸால். கிட்டப் போகவே இல்லை. அவவோடு ஒரு சொல் கதைக்கவில்லை. எடுத்தேன், பின்பக்கத்துத் திரையில் பார்த்தேன், "அப்பாடா, இது வாய்ச்சிட்டுது" என்று நயினாதீவு வள்ளத்தில் ஏறிப் போய்விட்டேன்.

அன்றிரவு நித்திரை வராமல் டொரோதியா லாங்கே எடுத்த படத்தைத் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். படமெடுக்கப் பழகுகிற எல்லோருக்கும் அதைத் தெரியும். 1936 மார்ச், கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற இடம், பட்டாணி பிடுங்கும் கூலியாட்களின் கூடாரம். ஒரு தாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறாள், இரண்டு பக்கமும் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் சாய்ந்திருக்கிறார்கள். "புலம்பெயர்ந்த தாய்" என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன படம். லாங்கே அந்தப் பெண்ணின் பெயரையோ கதையையோ கேட்கவில்லை என்று பின்னாளில் தானே எழுதினார். சாப்பாட்டுக்காகக் காரின் ரயரை விற்றுவிட்டார்கள் என்றும் எழுதினார். அந்தப் பெண், புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன், ஊருக்குத் தெரியவந்தது 1978 இல்தான். படம் எடுத்து 42 வருசம் கழித்து. ரயர் விற்ற கதை நடக்கவே இல்லை என்று அந்தக் குடும்பம் சொன்னது. படத்தை எடுக்க விட்டிருக்கக் கூடாது என்று அவர் வருத்தப்பட்டார். இன்னொன்றும் வாசித்தேன். மூலப் படத்தின் கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்தபடி ஒரு பெருவிரல் இருந்ததாம். வடிவுக்கு இடைஞ்சல் என்று லாங்கே அதைப் பிறகு மறைப்பித்தார்.

லாங்கே அரசாங்க வேலையாகப் போனவர். அந்தப் படத்தால் அந்த முகாமுக்குச் சாப்பாடு போனது என்றும் எழுதியிருக்கிறார்கள். என்னுடைய படத்தால் யாருக்கும் ஒரு றாத்தல் பாண்கூடப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்துக்கொண்டு குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினேன். வேலணை, புங்குடுதீவு எல்லாம் தாண்டி, கடலுக்கு நடுவால் போகிற வீதி. இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை. கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இது நெடுந்தீவு ஆச்சியெல்லோ. எங்களிட்டத்தான் தேத்தண்ணி குடிக்கிறவ. மகன்ர பெயரைச் சொன்னா எல்லாருக்கும் தெரியும், கடற்தொழில் செய்யிறவன்."

மகன் என்ற சொல் காதில் விழுந்ததும் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. "வேற பிள்ளையள்?" என்று கேட்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குள் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். வேறு ஒரு பிள்ளையாவது காணாமல் போயிருந்தால் என்னுடைய கதை தப்பியிருக்கும்.

"ஒரேயொரு பெடியன்தான்" என்றார் கடைக்காரர்.

குமுதினியில் ஏறினேன். ஒரு மணித்தியாலம் வரும். மாசிக் கடல், தகடுபோல இருந்தது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளும் என்னுடைய மூளை சும்மா இருக்கவில்லை. நெடுந்தீவு ஆச்சி என்றால் 1985 மே 15, குமுதினிப் படகில் நடந்த படுகொலை அவவுக்குத் தெரிந்திருக்குமே, அதைக் கேட்டால் என்ன, யாராவது சொந்தக்காரர் அதில் போயிருப்பார்களே என்று அடுத்த கதையைக் கட்டத் தொடங்கிவிட்டது. மகன் கதை கையை விட்டுப் போனதும் அதற்குப் பதிலாக இன்னொரு துக்கம் எனக்குத் தேவைப்பட்டது. அந்தக் கேள்வியை நான் கடைசிவரை கேட்கவில்லை. அன்றைக்கு ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

நெடுந்தீவில் வேலிகள் கல்லால் அடுக்கினவை. அப்படி ஒரு கல்வேலிக்குப் பின்னால் முற்றத்தில் பாய் விரித்து அவ ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. காகம் கலைக்கிற தடி பக்கத்தில். நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"ஆற்ற பிள்ளை நீ?"

யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறேன் என்றேன். அப்பாவின் ஊர், அம்மாவின் ஊர் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் இருக்கச் சொன்னா. பிரின்டைக் கையில் கொடுத்தேன். சேலையில் கையைத் துடைத்து, படத்தைத் தூரப் பிடித்து, பிறகு கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"இது நானெல்லோ!" ஒரு சிரிப்பு. "அண்டைக்கு ஒரு பெடியன் பெரிய கமராவோட தூரத்தில நிண்டவன். நீயே அது?"

"என்னைக் கண்டனீங்களோ?"

"காணாம? உந்தளவு குழாயைத் தூக்கி என்னை நோக்கிப் பிடிச்சா தெரியாதோ? பாக்காத மாதிரி இருந்தனான். நீ எடுத்து முடிக்கட்டும் எண்டு."

நான் அந்தப் படத்தை எல்லோரிடமும் சொல்லும்போது, அவவுக்குத் தெரியாமல் எடுத்தது, அதனால்தான் அவ்வளவு இயல்பு என்று பெருமையாகச் சொல்லுவேன்.

"என்னத்தை ஆச்சி பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?"

"காத்தை. அண்டைக்குச் சோளகம். கடல் வெளுத்துக் கிடந்தது. வள்ளம் விடுவாங்களோ, இல்லாட்டித் திரும்ப ரவுனுக்குப் போய் ஆற்றையும் வீட்டில படுக்கிறதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். கண் கிளினிக்குக்குப் போட்டு வந்த நாள். கண்ணுக்கு என்னவோ விட்டவங்கள், கூச்சம். அதுதான் இப்பிடிச் சுருக்கிக்கொண்டு இருக்கிறன்."

பிறகு படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தா.

"மகன் எங்க?"

"எந்த மகன்?"

"என்ர மகன். இதிலதானே பக்கத்தில நிண்டவன், பாண் பையோட. அவனை வெட்டிப்போட்டியோ?"

அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காத்திருப்பு என்று எழுதினது, சனம் எழுதினது, நான் சொன்னது, ஆவணி 30, பதாகை. அவவின் முகம் மாறியதை நான் எழுதிக் காட்டப்போவதில்லை. படத்தைப் பாயில் குப்புற வைத்தா.

"உயிரோட இருக்கிற பிள்ளையை..." என்றா. மிச்சத்தை வாயால் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்பதுபோல.

கொஞ்சநேரம் கழித்து, "கனடாவில இருந்து தங்கச்சின்ர மகள் ஒருநாள் எடுத்தவள். 'பெரியம்மா, அண்ணாக்கு என்ன நடந்தது' எண்டு கத்திக் குழறினவள். இவளுக்கு என்ன விசரோ எண்டு ஏசிப்போட்டு வைச்சனான். இதுதானோ?"

"இதாத்தான் இருக்கவேணும், ஆச்சி."

"பிள்ளையைத் துலைச்ச தாய்மார் றோட்டு றோட்டா இருக்கினம். அவையளிட்டப் போய்க் கேட்டிருந்தா வாய் நிறையச் சொல்லியிருப்பினம். என்னட்ட ஏன் வந்தனி?"

இந்தக் கேள்வியைத்தான் நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் இருக்கத் தொடங்கினார்கள். நான் ஏ9 ஆல் போகும்போது கண்டிருக்கிறேன். அவர்களும் படம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படம். கலியாண வீட்டுப் படத்தில் இருந்து வெட்டி எடுத்தது, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து மங்கிப்போனது, பள்ளிக்கூடச் சீருடையோடு எடுத்தது. வெளிச்சம் சரியில்லை, கூர்மை இல்லை, லமினேட் பண்ணின மூலை பிரிந்திருக்கும். ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே ஒரு பெயர் இருக்கிறது. ஊர் இருக்கிறது. கொண்டுபோன திகதி, கொண்டுபோன இடம் இருக்கிறது. இடம்பெயர்ந்து ஓடின ஓட்டத்தில் அல்பங்கள் எல்லாம் துலைந்த பிறகு மிஞ்சின ஒரேயொரு படம் என்று சொல்கிறவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். பெயர் சொல்லித் தேடுகிறார்கள். யாரோ ஒரு பிள்ளையை இல்லை, இந்தப் பிள்ளையை.

என்னுடைய படத்தில் பெயர் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு தூரம் போனது. பெயர் இல்லாத முகத்தில் யாரும் எதையும் எழுதலாம். அந்தத் தாய்மாருக்கு ஆதரவாகத்தானே பகிர்ந்தார்கள், அதில் என்ன பிழை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்று சொல்வதற்கு ஆட்கள் தயாராக இருக்கிற நாடு இது. அவர்களில் ஒருவர் குறிகட்டுவானுக்குப் போய் இரண்டு கேள்வி கேட்டால் போதும். "பார், மகன் மீன் வித்துக்கொண்டு நிக்கிறான்" என்று என்னுடைய படத்தைத் தூக்கிப் பிடித்து, மடியில் படத்தோடு இருக்கிற அத்தனை தாய்மாரையும் பொய்க்காரர் ஆக்கலாம். நான் ஒரு ஆச்சிக்கு மட்டும் பிழை விடவில்லை.

மகன் மத்தியானம் வந்தார். நாற்பது வயதிருக்கும். தாய் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிற்பாட்டினார். "உதை அழிக்கேலாதோ?" என்று கேட்டார். என்னுடைய பக்கத்தில் இருப்பதை அழிக்கலாம், மற்றவர்கள் எடுத்துப் போட்டதை ஒன்றும் செய்ய ஏலாது என்றேன். "அப்ப உண்மையை எழுதுங்கோ தம்பி. எங்க எங்க எழுதுவீங்களோ அங்க எல்லாம்." அந்த வாக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஆச்சி ஒரு நிபந்தனை போட்டா. பெயரைப் போடக்கூடாது. "பெயரைக் கண்டா அதுக்கும் ஒரு கதை எழுதுவாங்கள்." பெயர் என்னிடம் இருக்கிறது. இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எழுதாமல் விடுவதும், தெரியாமல் எழுதாமல் விடுவதும் ஒன்றில்லை.

வெளிக்கிடும்போது, "இவ்வளவு தூரம் வந்தனி, இப்ப ஒரு படம் எடு" என்றா. உள்ளே போய் நல்ல சேலை ஒன்று கட்டி, பவுடர் பூசிக்கொண்டு வந்தா. மகனையும் சேட் மாற்றச் சொன்னா. உச்சி வெயில். இந்த நேரத்தில் படம் எடுக்கக் கூடாது, கண்ணுக்குக் கீழே நிழல் விழும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். கல்வேலிக்கு முன்னால் இரண்டு பேரும் விறைத்துப்போய் நின்றார்கள். ஒரே ஒரு தரம்தான் நிற்பா என்று தெரிந்தது. எடுத்தேன். மகன் கண்ணை மூடிவிட்டார். "காலையும் சேத்து எடுத்தனியோ? வெட்டிப்போடாத" என்றா.

வீட்டுக்கு வந்து பழைய ஹாட் டிஸ்க்கைத் தேடி 2018 ஆடிக் கோப்பைத் திறந்தேன். மூலப் படம் இருந்தது. இடது ஓரத்தில் நீலச் சேட் போட்ட ஒரு கை, அந்தக் கையில் சொப்பிங் பை, பையால் வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு றாத்தல் பாண். ஆச்சியின் காலடியில் கிளினிக் கொப்பி. இதெல்லாம் படத்தைக் கெடுக்கிறது என்று நான்தான் வெட்டினேன். வெட்டினது எனக்கு ஞாபகமே இல்லை. பண்ணைக் கடலில் நடந்துபோன மனிதரை 30 செக்கன் அழித்தது. இந்த மனிதரை அழிக்க எனக்கு ஒரு செக்கன்கூட எடுத்திராது.

முழுப் படத்தையும், நடந்தது முழுவதையும் எழுதி, ஆச்சியைக் கேட்டுக்கொண்டு முகநூலில் போட்டேன். 38 பேர் விருப்பம் போட்டார்கள். "காத்திருப்பு" இன்னும் எங்கெங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன ஆவணியும் கண்டேன். கண்ட இடத்தில் எல்லாம் கீழே எழுதுகிறேன். சிலர் எடுத்துவிடுகிறார்கள். சிலர் "நோக்கம் நல்லதுதானே" என்கிறார்கள்.

இதனால் நான் முகம் எடுப்பதை விட்டுவிடவில்லை. நல்லூர்த் தேரன்றைக்கு ஒவ்வொரு ஆளிடமும் பெயர் கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியாது. ஆனால் ஒரு ஆள் மட்டும் இருக்கிற படம் என்றால், எடுத்த பிறகாவது கிட்டப் போகிறேன். காட்டுகிறேன். பெயர், ஊர், அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தவர் என்று கேட்டுச் சின்னக் கொப்பியில் எழுதுகிறேன். போடலாமா என்று கேட்கிறேன். "வேண்டாம்" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதில் மூன்று நல்ல படங்கள். என்னிடமே இருக்கின்றன. கேட்க நேரம் இல்லாமல் போனால், தெரியாததை எழுதுவதில்லை. எந்த இடம், எந்த நாள், அவ்வளவுதான். ஒரு சொல் தலைப்புக்குக் கை பரபரக்கும்போது, "பாண் பை எங்கே?" என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு உச்சி வெயில் படத்தைக் கொண்டுபோனேன். பார்மசி அண்ணா வாங்கிப் பார்த்துவிட்டு, "உந்த வெயிலுக்க ஏன்ரா எடுத்தனி?" என்றார். கதையைச் சொன்னேன். படம் சுற்றி வந்து ஹட்டன் நண்பரிடம் போனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். இரண்டு பெயர்கள், ஊர், திகதி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்தார்.

இதே படத்தின் இன்னொரு பிரின்டைச் சட்டம் போட்டுக் குமுதினியில் கொடுத்துவிட்டிருந்தேன். ஒரு கிழமை கழித்து மகன் போன் எடுத்தார். சுவரில் மாட்டியாயிற்றாம், தகப்பனின் படத்துக்குப் பக்கத்தில்.

"அம்மா ஒண்டு சொல்லச் சொன்னவ தம்பி. முகம் கொஞ்சம் இருட்டாம். அடுத்தமுறை பின்னேரமா வரட்டாம்."